ராத்தாவின் சிப்பிக்கு மூன்று சாட்சி

எலி பிடிக்கத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்றேன். அப்படித்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது. நான் நினைத்தது வீட்டுக் கூரையில் ஓடுகிற எலியை. அவர்கள் கேட்டது கூட்டில் வளர்கிற வெள்ளை எலியை. வீட்டு எலி மனிசனைக் கண்டால் ஓடிவிடும். வெள்ளை எலி, சாப்பாடு வந்துவிட்டது என்று முன்னால் வந்து நிற்கும். ஆளை எடைபோடத் தெரியாத சீவன். அந்த விசயத்தில் அதுவும் நானும் ஒரே இனம்.

கற்பிட்டிக்குப் போகிற வழியில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, பின்பக்கத்து அறைகளில் அந்த ஆய்வுகூடத்தை நடத்தினார்கள். ஆய்வுகூடம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு குளிர்சாதனப் பெட்டி, சட்னி அரைக்கிற மாதிரி ஒரு பிளெண்டர், கொஞ்சம் கண்ணாடிச் சாமான், எலிக்கூடுகள், அப்புறம் மிஸ். மிஸ் உடப்புப் பக்கத்துப் பிள்ளை. கம்பசில் படித்து முடித்து, அதற்கு மேலேயும் படித்துக்கொண்டிருந்தார். என் மூத்த மகளைவிடக் கொஞ்சம்தான் வயது கூட. நான் மிஸ் என்றேன், அவர் என்னை அண்ணன் முறை வைத்து நானா என்றார். நான் எந்த வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டேன் என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்னிடம் பதில் இல்லை. நான் விடவில்லை, வாத்தியார்மார்தான் என்னை விட்டார்கள்.

அங்கே நடந்த வேலை இதுதான். கடல் உள்ளே வந்து தேங்குகிற களப்புத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வகைப் பாசி சில நேரம் பெருகும். சிப்பியும் மட்டியும் அதைக் குடித்துக் குடித்து நஞ்சை உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்ளும். அதுகளுக்கு ஒன்றும் ஆகாது. அதைத் தின்கிற மனிசனுக்குத்தான் முதலில் உதடு விறைக்கும், பிறகு கைகால் விழும், கடைசியில் மூச்சு. அவித்தாலும் பொரித்தாலும் போகாத நஞ்சு. அது இருக்கிறதா என்று பார்க்க உலகத்தில் பல வழிகள் இருக்கின்றன. ஒரே சிப்பியை மூன்று வழியில் பார்த்து, எது நம்முடைய களப்புக்குச் சரிவரும் என்று ஒப்பிடுவதுதான் மிஸ்ஸின் படிப்பு. சிப்பியை அரைப்பது, எலிக்குத் தீனி போடுவது, கூட்டைக் கழுவுவது, மிஸ் ஊசி போடும்போது எலியைப் பிடித்துக்கொள்வது எல்லாம் என் பாடு.

எலிதான் பழைய வழி. சிப்பிச் சதையை அரைத்து, அமிலம் விட்டுக் காய்ச்சி, ஆறவிட்டு, வடித்து, அந்தத் தண்ணீரை எலியின் வயிற்றில் ஊசியால் ஏற்ற வேண்டும். பிறகு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். குறித்த நேரத்துக்குள் எலி செத்தால் சிப்பி கெட்டது.

இரண்டாவது வழி ஒரு சின்ன அட்டை. பிள்ளை தங்கியிருக்கிறதா என்று பார்க்கப் பெண்கள் பார்மசியில் வாங்குவார்களே, அதே சாதி. ஆனால் இதில் இரண்டு கோடு விழுந்தால் நல்லது, ஒரு கோடு விழுந்தால் நஞ்சு. முதல் நாள் இரண்டு கோட்டைக் கண்டதும் நான் சத்தம் போட்டேன். "மிஸ், சிப்பி முழுகாம இரிக்கி!" மிஸ் சிரிக்கவில்லை. அன்றைக்குக் காலையிலிருந்தே ஆய்வுகூடத்தில் கரண்ட் இல்லை.

மூன்றாவது வழி கொழும்பில் இருக்கிற மெசின். அதை நான் கண்ணால் கண்டதில்லை. போத்தலில் அனுப்பினால் அது வகைவகையாகப் பிரித்துச் சொல்லும் என்று மிஸ் சொன்னார். எனக்கு விளங்கவில்லை. யோசித்து யோசித்து இப்படி எடுத்துக்கொண்டேன். ஜும்மா முடிந்து பள்ளிவாசல் கேற்றால் சனம் வெளியே வருகிறது. பிள்ளைகள் முதலில் பாய்வார்கள். அடுத்தது பசிக்காரர்கள். முழங்கால் வருத்தக்காரர்கள் கடைசி. எப்போது வருகிறான், எவ்வளவு பாரம் என்று கேற்றடியில் நின்று பார்க்கத் தெரிந்தவனுக்கு முகத்தைப் பார்க்கவே தேவையில்லை, ஆளைச் சொல்லிவிடுவான். மிஸ்ஸிடம் இதைச் சொன்னேன். "கிட்டத்தட்டச் சரி நானா" என்றார். என் சீவியத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பரீட்சைப் பெறுபேறு அதுதான்.

இது எல்லாம் எனக்கு மாதச் சம்பளத்துக்கான வேலை. மற்றவன் சிப்பியாக இருந்த மட்டும் எனக்கு நித்திரை வந்தது. என் ராத்தாவின் சிப்பி வந்த பிறகுதான் பிரச்சினை.

ராத்தா என் மூத்த சகோதரி. குறிஞ்சிப்பிட்டியில் களப்போரமாக வீடு. மச்சானுக்கு முதுகு போய்ச் சில வருசமாகிறது, கதிரையில் இருந்து எழும்பவே ஆள் வேண்டும். களப்புக்குள் கம்பு நட்டு, கூடை கட்டி, ராத்தாதான் சிப்பி வளர்க்கிறாள். நம்மட ஆட்கள் அதை வாங்கித் தின்பதில்லை. ஆலங்குடாவில் ஒரு ஹோட்டல் வாங்கும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பட்டத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு கடலில் பாய்கிறதற்கு வெள்ளைக்காரர் வருவார்கள். அவர்கள் அதைப் பச்சையாக, தேசிக்காய் பிழிந்து, உயிரோடு விழுங்குவார்கள். அந்தக் காற்றுக் காலத்து விற்பனைதான் ராத்தா வீட்டு வருசத்துச் சாப்பாடு. காற்று ஓய்ந்தால் வெள்ளைக்காரர் போய்விடுவார்கள். அதற்குப் பின்னால் மழை. மழைத் தண்ணீர் களப்புக்குள் இறங்கினால் உப்புக் குறைந்து சிப்பி சாகத் தொடங்கும்.

அந்த வருசம் காற்றுத் தொடங்கிக் கொஞ்ச நாளில் ஹோட்டலில் ஒரு வெள்ளைக்காரர் வாந்தி எடுத்தார். அவர் சிப்பியும் தின்றார், நண்டும் தின்றார், பியரும் குடித்தார், பகல் முழுக்க வெயிலிலும் கிடந்தார். ஆனால் பழி வாயில்லாத சிப்பிக்கு. ஹோட்டல் மனேஜர், சிலாபத்துச் சிங்கள மனிசர், பொல்லாத ஆள் இல்லை. "நானா, அக்காட சிப்பி நல்லது எண்டு எனக்கும் தெரியும். ஆனா யாராவது பரிசோதிச்சுச் சொல்லோணும். சொன்னா அடுத்த நாளே வாங்குறன்" என்றார்.

ராத்தா என்னைக் கூப்பிட்டாள்.

"நீ அங்கதானே வேல செய்யிற. அந்தப் புள்ளைக்கிட்டச் சொல்லி, நல்லம் எண்டு ஒரு வார்த்த எடுத்துத் தாவேன்."

"ராத்தா, நான் அங்க எலிக்குச் சாப்பாடு போடுற ஆள்."

"அப்ப எலிக்கிட்டச் சொல்லு."

மிஸ்ஸிடம் கேட்டேன். அவருக்குச் சந்தோசம்தான். வளர்ப்புச் சிப்பியும் அவருடைய ஒப்பீட்டுக்குத் தேவையாம். கொண்டு வாங்க என்றார்.

ராத்தா கொடுத்தனுப்பிய சிப்பியைப் பார்த்திருக்க வேண்டும். பொதுவாகச் சிப்பி என்றால் சேறும் பாசியும் பிடித்து, செருப்பு அறுந்து களப்பில் கிடந்த மாதிரி இருக்கும். ராத்தா பெரியது பெரியதாகப் பொறுக்கி, புளித்தண்ணீர் விட்டுத் தேங்காய்த் தும்பால் தேய்த்து, கல்யாணத்துக்குப் பித்தளைச் சாமான் துலக்குகிற மாதிரித் துலக்கியிருந்தாள். ரிஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பெட்டியில் ஐஸ் போட்டு, மேலே வாழையிலை விரித்து, மோட்டார் சைக்கிளில் எனக்குப் பின்னால் கட்டிவிட்டாள்.

"சீதனம் மாதிரி இரிக்கி" என்றேன்.

"கொண்டு போய்க் குடுத்துட்டு வாய மூடிட்டு வா."

மிஸ் பெட்டியைத் திறந்து, "இவ்வளவு சுத்தமா யாரும் தந்ததே இல்ல" என்றார். எனக்கும் கொஞ்சம் பெருமை. உடைத்தோம், அரைத்தோம், காய்ச்சினோம். அட்டையில் இரண்டு கோடு. கொழும்புக்கு ஒரு போத்தல் கட்டி வைத்தோம். பிறகு எலி. மிஸ் ஊசி போட்டார், நான் கூட்டில் விட்டேன், இருவரும் உட்கார்ந்தோம்.

எலி கொஞ்சம் நடந்தது. ஒரு மூலையில் போய்க் குந்தியது. மயிர் சிலிர்த்தது. பிறகு, வேலை முடிந்து வந்த கூலிக்காரன் சுவரில் சாய்கிற மாதிரிச் சாய்ந்தது. எழும்பவில்லை. மிஸ் கடிகாரத்தைப் பார்த்தார். குறித்த நேரம் முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. இன்னொரு எலிக்குப் போட்டோம். அதுவும் போய்விட்டது.

"மிஸ், இதுகளுக்கு முதல்லயே ஏதாவது நோய் வருத்தம் இருந்திரிக்குமா?"

"காலையில நீங்கதானே சாப்பாடு போட்டீங்க."

"ஓம். நல்லாத்தான் திண்டிச்சுகள்."

மிஸ் எலிகள் செத்த நேரத்தை எழுதினார். அட்டை இல்லை என்கிறது, எலி ஆம் என்கிறது, கொழும்பு இன்னும் வாய் திறக்கவில்லை. "கொழும்பில இருந்து வரும் வரைக்கும் நல்லம் எண்டு நான் சொல்ல ஏலாது நானா" என்றார். குறிஞ்சிப்பிட்டிக்குத் திரும்பிப் போகிற பாதை அன்றைக்கு எனக்கு மன்னாருக்குப் போகிற பாதை மாதிரி நீண்டது.

ஊரில் ஒரு செய்தி போகிற வேகத்தில் அந்தக் கொழும்பு மெசின் வேலை செய்தால் உலகத்தில் ஒரு பிரச்சினையும் இருக்காது. அடுத்த நாள் தேத்தண்ணிக்கடைக்குள் நான் கால் வைக்கும் முன்பே ஒருத்தன் எழும்பி நின்றான்.

"மச்சான், ஜனாஸா அடக்கம் எத்தின மணிக்கு?"

"யாருட?"

"எலிட. ஊரெல்லாம் கேட்டுட்டு இரிக்கி. வீட்டாக்கள் யாரு, நீதானே?"

கடைக்காரர் பிளேன்டீயை ஆற்றிக்கொண்டே மார்க்கச் சட்டப் பிரிவு விசாரித்தார். "எலி எந்த மத்ஹப்பு? நம்மட ஆள் எண்டா சிப்பி திண்டு சாகாதே."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு நேரம் என்றால் அந்தப் பகிடியை நானே தொடக்கியிருப்பேன். ஊரில் பகிடிக்காரன் என்று பேர் எடுத்தவனுக்கு இது ஒரு தொல்லை. தன்னுடைய வீடு எரிகிற நேரத்திலும் மற்றவனைவிட நல்லதாக ஒன்று சொல்ல வேண்டும். "ஜனாஸா முடிஞ்சிட்டு, கத்தச் சாப்பாட்டுக்கு வாங்க, சிப்பிக் கறி" என்றேன். தேத்தண்ணீரைப் பாதியில் வைத்தேன். கடையை விட்டு வெளியே வரும்போதே மனேஜரின் கோல் வந்தது. அவருக்கும் எலி செத்த கதை போய்விட்டது.

ராத்தா அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இலகு. நான் போனபோது மச்சானுக்குத் தலையணையைச் சரி செய்துகொண்டிருந்தாள். நான் சொன்னதைக் கேட்டாள். கேட்டுவிட்டுப் பின்பக்கம் போய் ஒரு சிப்பியையும் கத்தியையும் கொண்டுவந்தாள். என் முன்னால் உடைத்தாள். தேசிக்காயும் இல்லை ஒன்றும் இல்லை, அப்படியே வாயில் போட்டு விழுங்கினாள். அவள் சீவியத்தில் சிப்பியைப் பச்சையாகத் தின்றது அன்றைக்குத்தான். முகம் கோணிப் போனது.

"ராத்தா! என்ன வேல இது?"

"பாத்துட்டு இரு. நான் மவுத்தாகினா எலி சொன்னது சரி. இல்லாட்டி அந்தப் புள்ளைக்கிட்டப் போய்ச் சொல்லு."

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடிகாரம் இல்லாமல் பார்த்தேன். அவள் கோழிக்குத் தவிடு குழைத்தாள், நான் பின்னால் போனேன். துணி காயப்போட்டாள், நான் பின்னால் போனேன். உதட்டைப் பார்த்தேன், விரலைப் பார்த்தேன். கடைசியில் அவளுக்குக் கோபம் வந்தது.

"என்னடா பாக்கிற? உனக்கு என்னப் பாத்தா எலி மாதிரியா இரிக்கி?"

கதிரையில் இருந்த மச்சான் மெல்லச் சொன்னார். "எலிக்கு இவ்வளவு வாய் இல்ல."

அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் சிரித்தது அந்த ஒரு தடவைதான். ராத்தாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் அதை மிஸ்ஸிடம் வெற்றிச் செய்தி மாதிரிக் கொண்டு போய்ச் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது.

"நானா, நாங்க மூண்டு முறையத்தான் ஒப்பிடுறம். ராத்தா நாலாவது முறை இல்ல. நஞ்சு இருந்திருந்தா என்ன செய்திருப்பீங்க? ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்?"

தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சொன்னது சரி. புத்தளத்துக்குப் போய்ச் சேருமுன் மூச்சு நின்றிருக்கும். என் மூளை எப்போதும் பஸ் போன பிறகுதான் ஹோல்ட்டுக்கு வரும்.

அதற்குப் பின்னால் காத்திருத்தல். காத்திருக்கிறதற்கு ஒரு களைப்பு இருக்கிறது, மண்வெட்டி பிடிக்கிற களைப்பைவிட அது மோசம். ஒவ்வொரு காலையும் கூட்டைக் கழுவினேன், எலிகளுக்குத் தண்ணீர் வைத்தேன். வெளியே கச்சான் தென்னோலையைப் பிய்த்துக்கொண்டு அடித்தது, நல்ல காற்று. அந்தக் காற்றில் ஆலங்குடாப் பக்கம் பட்டங்கள் நிறைந்திருக்கும், வெள்ளைக்காரர் பசியோடு கரைக்கு வருவார்கள், வேறு எதையோ தின்பார்கள். பின்னேரத்தில் ராத்தா கோல் எடுப்பாள். "வந்திச்சா?" "இல்ல." அவ்வளவுதான் கதை. சில நாள் "வந்திச்சா" என்றுகூடக் கேட்க மாட்டாள். மூச்சு மட்டும் கேட்கும், நான் "இல்ல" என்பேன், வைத்துவிடுவாள். கொழும்பில் மெசின் பழுது என்றார்கள். பிறகு மெசின் சரி, அதைப் போடுகிற ஆள் லீவு என்றார்கள்.

ஒரு வழியாகப் பதில் வந்தது. மிஸ் கம்பியூட்டரில் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். நஞ்சு இல்லை. எந்த வகையும் இல்லை.

"அப்ப முடிஞ்சுது!" என்றேன். "ரெண்டு பேர் நல்லம் எண்டிட்டாங்க, எலி ஒருத்தன்தான் எதிர். வெண்டிட்டம்."

"இது எலக்சன் இல்ல நானா."

"வேற என்ன மிஸ்?"

அவர் கதிரையைத் திருப்பிக்கொண்டு இருந்தார். அவருக்கும் களைப்பு. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "அட்டைக்கு அது தேடுற நஞ்ச மட்டும்தான் தெரியும். மெசினுக்கும் நாங்க சொல்லிக் குடுத்த ஆக்களத்தான் தெரியும். புதுசா ஒருத்தன் வந்தா ரெண்டும் சும்மா இருக்கும். எலி அப்பிடி இல்ல. எது வந்தாலும் எலிக்குத் தெரியும், ஆனா யாரு எண்டு சொல்லத் தெரியாது. இப்ப எலி செத்திருக்கு. எது கொண்டது எண்டு தெரியாம நான் எப்பிடி ராத்தாட சிப்பிய வெள்ளைக்காரனுக்குக் குடு எண்டு சொல்லுற?"

எனக்குக் கோபம் வந்தது, ஆனால் கோபப்பட ஆள் இல்லை. எலியின் மேல் கோபப்படலாம், அது செத்துவிட்டது.

மிஸ் பழைய குறிப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "அந்த எலிகள் செத்த விதம் உங்களுக்கு ஞாபகமா? துள்ளினதா? மூச்சுக்கு இழுத்ததா?"

"இல்லையே. குந்திட்டு அப்படியே சாஞ்சிதுகள்."

"அதுதான். இந்த நஞ்சு எண்டா துள்ளும், வாயத் திறந்து இழுக்கும். அண்டைக்கே எனக்கு உறுத்தினது. நேரத்துக்குள்ள செத்தா செத்ததுதான் எண்டு விட்டுட்டன்." எழும்பிச் சாவியை எடுத்தார். "வாங்க, ராத்தா சிப்பிய எங்க வச்சிருக்கிறா எண்டு பார்ப்பம்."

ராத்தாவுக்கு மிஸ் வருகிறார் என்று சொல்ல எனக்கு நேரம் கிடைக்கவில்லை. அதற்கு இன்றைக்கும் எனக்கு ஏச்சு. சொல்லியிருந்தால் வட்டிலப்பம் வைத்திருப்பாளாம். இருந்த பிஸ்கட்டை வைத்து, அலுமாரியில் இருந்த நல்ல கோப்பையை எடுத்து, மிஸ்ஸுக்குத் தேத்தண்ணீர் கொடுத்தாள். குடித்த பிறகு மிஸ் கேட்டார்.

"ராத்தா, எங்களுக்கு அனுப்பின சிப்பி களப்பில இருந்து நேரா எடுத்ததா?"

"சே, அது ஊத்த பிடிச்சிரிக்கும் மகள். உங்களுக்கு அனுப்பினது தொட்டிச் சிப்பி. பொறுக்கி எடுத்தது."

தொட்டி வீட்டுக்குப் பின்னால் வேலியோரம் இருந்தது. கச்சான் பலமாக அடிக்கிற நாளில் தோணி விட முடியாது. ஹோட்டலோ நினைத்த நேரத்தில் கோல் எடுக்கும். அதற்காகப் பெரிய சிப்பிகளை முன்கூட்டியே கொண்டுவந்து, களப்புத் தண்ணீர் ஊற்றிக் கரையில் வைத்திருப்பாள். மச்சான் முதுகு போகிறதற்கு முன்னால் கட்டிக்கொடுத்த தொட்டி. வீட்டுக் கூரையை மாற்றியபோது கழற்றிய தகரத்தை வளைத்து, ஓரத்தை மடித்து, தார் பூசி அடைத்தது. ஹோட்டல் வாங்குவதை நிறுத்தியதிலிருந்து நல்ல சிப்பி எல்லாம் அதற்குள்தான் கிடந்தது. தினமும் தண்ணீர் மாற்றினாள். துலக்கியதும் அதற்குள்ளேயே வைத்துத்தான், புளித்தண்ணீரோடு.

மிஸ் குந்திக்கொண்டு தகரத்தை விரலால் தடவினார். விரலில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக ஒட்டியது.

"இதுதான் நானா" என்றார். சந்தோசமாகச் சொல்லவில்லை. "தகரம் துருப் பிடிச்சுக் கறள் ஏறாம இருக்கிறதுக்கு மேல துத்தநாகம் பூசியிருக்கும். உப்புத் தண்ணி அதைக் கரைக்கும், புளி இன்னும் கரைக்கும். சிப்பியப் போல துத்தநாகத்தைக் குடிக்கிற சீவன் வேற இல்ல. குடிச்சு வச்சுக்கொள்ளும். ஒண்டு ரெண்டு திண்டா மனிசனுக்கு ஒண்டும் ஆகாது, ஆனா அதைக் காய்ச்சி ஊசியால ஏத்தினா எலி சாகும். பாசி நஞ்சு இல்ல."

ராத்தாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது முகம் மாறியது.

"அப்ப நான் துலக்கி அனுப்பினதாலயா?"

"துலக்கினதாலயும், தொட்டியில வச்சதாலயும்."

"நல்லதத்தானே மகள் குடுக்கணும்? உங்களுக்கு ஒடஞ்ச கோப்பையிலயா தேத்தண்ணி தந்தேன்?"

மிஸ் என்னைப் பார்த்தார். நான் கோழிகளைப் பார்த்தேன். நம்மட ஊரில் யாரும் அப்படித்தான் செய்வார்கள். பரிசோதிக்க வருகிறவருக்கு முன்னால் இருக்கிறதில் நல்லதைத்தான் வைப்போம், மூலையில் கிடக்கிறதைக் காட்ட மாட்டோம். ராத்தா சிப்பியை அனுப்பவில்லை, தன்னுடைய மானத்தைக் கழுவி அனுப்பியிருந்தாள்.

தொட்டிச் சிப்பியை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்றார் மிஸ். களப்பில் திரும்பப் போட்டாலும் குடித்தது இறங்க மாதக்கணக்கு ஆகுமாம். களப்புக் கூடையில் இருக்கிறதை, கழுவாமல், சேற்றோடு, அப்படியே கொண்டு வரச் சொன்னார். அதற்கு ராத்தா சம்மதிக்க மிஸ் போன பிறகு இன்னொரு சண்டை தேவைப்பட்டது.

"இப்படிச் சேத்தோட அனுப்பினா அங்க இரிக்கிற ஆக்கள் என்னப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"அங்க நானும் மிஸ்ஸும் எலியும்தான் ராத்தா. எலி ஒண்டும் நினைக்காது."

"நீ நினைப்ப."

"நான் நினைக்கிறதுக்கு ஆள் இல்ல, உனக்குத் தெரியும்தானே."

அடுத்த நாள் காற்றுக் கொஞ்சம் தணிந்த நேரம் பார்த்துத் தோணியில் போனோம். நான் கடலோரத்தில் பிறந்து, தோணியில் வாந்தி எடுக்கிற ஒரே ஆள். வழி முழுக்க எடுத்தேன். ராத்தா தடி ஊன்றினாள். கூடையைத் தூக்கினோம். தொட்டிச் சிப்பியைவிடச் சின்னது, சேறும் பாசியுமாகப் பார்க்கவே சங்கடம். வழியில் கையை விட்டுத் தேய்க்கப் போனாள். "ராத்தா!" என்றேன். கையை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

அட்டையில் இரண்டு கோடு விழுந்தது. எலிக்கு ஊசி போட்டோம். அது கூட்டைச் சுற்றி நடந்தது, முகத்தைக் கழுவியது, தீனியைக் கடித்தது. குறித்த நேரம் முடிந்தது. மிஸ் இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்றார். இன்னும் பார்த்தோம். அது நித்திரை கொண்டது, நல்ல நித்திரை, விலா ஏறி இறங்கியது. எனக்கும் அப்படி ஒரு நித்திரை வேண்டும் போலிருந்தது. மிஸ் தன்னுடைய பழைய முடிவுகளில் எதையெல்லாம் திரும்பப் பார்க்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டு நெற்றியைப் பிடித்திருந்தார். வேறு யார் யார் தகரத்தில் வைத்துக் கொடுத்தார்களோ. இரண்டு வருசத்து வேலை அவருக்கு. நான் பிளேன்டீ போட்டுக் கொடுத்தேன், சீனி கூடிவிட்டது, அவர் கவனிக்கவில்லை.

போத்தல் திரும்பவும் கொழும்புக்குப் போனது. திரும்பவும் அந்த மூச்சுக் கோல்கள். இந்தத் தடவை மெசின் பழுதாகவில்லை, ஆனால் வேறு யாருடையதோ முன்னுக்கு இருந்தது. ஒருநாள் காலையில் எழும்பும்போது தென்னோலை அசையாமல் நின்றது. கச்சான் முடிந்துவிட்டது என்று படுக்கையில் கிடந்தே விளங்கிவிட்டது.

நஞ்சு இல்லை என்று கொழும்புப் பதில் வந்தது அதற்குப் பிறகுதான். மூன்று சாட்சியும் ஒரே பேச்சு. மிஸ் தானே மனேஜருக்குக் கோல் எடுத்துச் சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னார். மனேஜர் சந்தோசப்பட்டார். உண்மையாகவே சந்தோசப்பட்டார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "அக்காட்டச் சொல்லுங்க, எனக்கு முதல்லயே தெரியும் எண்டு. காத்துப் போயிட்டுது, அறை எல்லாம் காலி. அடுத்த முறை கட்டாயம் வாங்குறன். அப்ப ஒரு புதுப் பரிசோதனை மட்டும் செய்து தந்தாக் காணும்."

அதை ராத்தாவிடம் கொண்டுபோகிற வேலையும் எனக்குத்தான். அவள் களப்புக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். மழை வருவதற்குள் கூடைகளைக் கழற்றி, உப்புக் குறையாத ஆழத்துக்கு இழுத்துக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் நல்ல சிப்பி என்று மூன்று பேர் சொன்ன சிப்பி சேற்றிலேயே செத்துப்போகும். நானும் இறங்கினேன். தண்ணீரில் நின்றுகொண்டே சொன்னேன்.

"நஞ்சு இல்லையாம். முழுக்கச் சுத்தமாம்."

"வாங்குறாரா?"

"அடுத்த கச்சானுக்கு."

முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்த கை நின்றது. பிறகு திரும்பவும் அவிழ்த்தது.

"அதுக்கு இந்தப் பரிசோதன போதும்தானே?"

"இல்ல ராத்தா. இது அண்டைக்குத் தூக்கின கூடைக்கு மட்டும்தான். பாசி எப்ப வரும் எண்டு யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு முறையும் பாக்கணுமாம்."

"ஒவ்வொரு முறையுமா?"

"ஓம்."

"எலியுமா?"

"எலி வேணாம் எண்டுதான் மிஸ் எழுதப் போறாவாம். தகரத்துக்கும் பாசி நஞ்சுக்கும் எலிக்கு வித்தியாசம் தெரியாதாம். நம்மட ஊருக்கு அட்டையும் மெசினும் போதுமாம்."

ராத்தா களப்பைப் பார்த்தாள். தண்ணீர் ஒரு சுருக்கமும் இல்லாமல் கிடந்தது. மச்சானுக்கு மருந்து எடுக்கிற நாள் வருகிறது, அதற்கு என்ன செய்கிறது என்று கேட்பாளோ என்று பயந்தேன். கேட்டால் என்னிடம் பகிடி ஒன்றும் இல்லை. அவள் கேட்கவில்லை. நனைந்த கயிற்று நுனியை என் கையில் திணித்தாள்.

"கதைய விட்டுட்டு இழு. மழ வருது."

இழுத்தேன். கூடை பாரம். சேறு அதை விடவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தேன்.